ஷுவாரா தோல் தொட்டிகள்: நான்கு நாள் படமெடுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போய்வந்தவர்களிடம் ஒரு படம் கட்டாயம் இருக்கும். தேன்கூட்டு அறைகள்போல ஒட்டி ஒட்டிக் கட்டிய கல் தொட்டிகள். சிலவற்றில் வெள்ளை, சிலவற்றில் செம்பழுப்பு, சிலவற்றில் கறுப்பு. நடுவே தொடையளவு நீரில் எறும்பளவாகத் தெரியும் ஆட்கள். ஷுவாரா என்னும் தோல் பதனிடும் களத்தை மேலிருந்து எடுத்த படம் அது. 2023 நவம்பரில் நானும் எடுத்தேன். முதல் நாள் மட்டும் 214 படங்கள். அவற்றில் ஒன்றைக்கூட இன்று யாருக்கும் காட்டுவதில்லை. அதற்கான காரணத்தையும், அடுத்த மூன்று நாட்களில் என் வேலை எப்படி மாறியது என்பதையும், வெளிநாட்டில் கைத்தொழிலையும் சாப்பாட்டையும் படமெடுக்கப் போகிறவர்களுக்காக இங்கே விவரமாக எழுதிவைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வாணியம்பாடிக்காரன். தாத்தா ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட ஷாப்பில் வேலை பார்த்தவர். அப்பா ஆம்பூரில் குரோம் உப்பால் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்தது குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சமயத்தில், எங்கள் பக்கம் கேமராவோடு வந்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்தது சரிதான். ஆற்றுக்கு நேர்ந்தது ஊருலகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனாலும் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னது என் மனதில் அப்படியே இருக்கிறது. “வர்றவனெல்லாம் நாத்தத்தத்தான் படம் புடிக்கிறான். தோல ஒருத்தனும் புடிக்கல.”

இதைக் கேட்டு வளர்ந்த நானே ஷுவாராவில் முதல் நாள் நாற்றத்தைத்தான் படம் பிடித்தேன்.

இடமும் வேலையும்

பழைய நகரமான ஃபெஸ் அல் பாலியை யுனெஸ்கோ 1981-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உள்ளே கார் போக வழி கிடையாது. சரக்கெல்லாம் கைவண்டியிலும் கழுதை, கோவேறு கழுதை முதுகிலும்தான் போகும். பின்னாலிருந்து “பாலக், பாலக்” என்று சத்தம் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 859-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அல் கராவிய்யின் பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டு, செம்புப் பாத்திரம் தட்டும் சஃபாரீன் சதுக்கத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கினால் அப்புறம் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. மூக்கே கூட்டிப்போகும். ஊரில் பழைய தோல் களங்கள் மூன்று உண்டு. அவற்றில் பெரியது ஷுவாரா.

அங்கே நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் படம் வெறும் நிறப்படம் என்பதால் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆடு, செம்மறி, மாடு, சில சமயம் ஒட்டகம் என்று வரும் பச்சைத்தோல் முதலில் வெள்ளைத் தொட்டிகளில் நாட்கணக்கில் ஊறும். சுண்ணாம்பு முடியின் வேரை இளக்கித் தோலை உப்பச் செய்யும். பிறகு கத்தியால் முடியையும் சதையையும் வழிப்பார்கள். இதற்குமேல் சுண்ணாம்பு தோலில் தங்கக்கூடாது, தங்கினால் தோல் விறைத்துப்போகும். அங்கேதான் புறா எச்சம் வருகிறது. அதிலுள்ள அம்மோனியச் சேர்மங்கள் சுண்ணாம்பை வெளியேற்றும். நொதிகள் தேவையற்ற புரதத்தைக் கரைத்துத் தோலைத் துணிபோல ஆக்கும். ஒரு காலத்தில் உலகின் பல பகுதிகளிலும் இதற்குப் பறவை எச்சமும் நாய் மலமும் பயன்பட்டன. 1907-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்கு மாற்றாக விற்கத் தொடங்கினார். அப்பாவின் ஷாப்புக்கு மூட்டையில் வந்த தூள் அந்த வழியில் வந்ததுதான். ஷுவாராவில் இன்றும் புறாதான். அதன்பின் துவர்ப்புப் பட்டையில் ஊறவைத்துப் பதனிடுவது, அதன்பின் சாயம். நல்ல ஆட்டுத்தோலை எண்ணெய் சேர்த்துக் கையாலேயே தேய்த்து மஞ்சளாக்குகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் காலில் போடும் மஞ்சள் பாபூஷ் செருப்பு அதில் தைப்பது. ஃபிரெஞ்சில் தோல் பொருள் தொழிலையே ‘மரொக்கினரி’ என்று இந்த நாட்டின் பெயரால் அழைக்கிறார்கள் என்றால் இந்தக் கைகளின் பழமை புரியும்.

இன்னொரு விவரம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சட்டென்று உறைக்கும். குரோம் ஷாப்பின் நாற்றம் அழுகிய முட்டை நாற்றம், சல்ஃபைடு. ஷுவாராவில் அது இல்லை. கண்ணைக் கரிக்கும் அம்மோனியாவும் அதனடியில் ஈரப் பட்டையின் வாசமும்தான். தாத்தாவின் சட்டை அப்படித்தான் மணக்கும் என்று பாட்டி சொல்வார். வாசலில் எல்லோருக்கும் புதினாக் கொத்து கொடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள்: மேல்மாடி

களத்தைச் சுற்றிலும் தோல் கடைகள். அவற்றின் மாடிதான் பார்வையாளர் இடம். நான் ஏறிய கடையில் இருபது திர்ஹம் வாங்கிக்கொண்டார்கள். இறங்கும்போது ஒரு பையாவது வாங்கிப் போ என்று வற்புறுத்தல். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70–200 லென்ஸைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன்.

தொழில்நுட்பப் பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், அவை எளிதானவை. வெள்ளைச் சுண்ணாம்புத் தொட்டிகள் படச் சட்டத்தை நிறைக்கும்போது கேமராவின் ஒளிமானி ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். கறுஞ்சாயத் தொட்டிகளை நிறைத்தால் நேரெதிர். நான் ஒளியளவை ஒருமுறை கையால் அளந்து பூட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஈரத்தோல் கண்ணாடிபோல வானத்தைப் பிரதிபலிக்கும், அந்தப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி ஒன்று இருந்தால் தோலின் உண்மையான நிறம் வரும். உச்சி வெயிலில் சிவப்பு, மஞ்சள் இரண்டும் வெடித்துப்போகும். திரையில் நன்றாகத் தெரிந்த செந்தொட்டிகள் அச்சில் ஒரே திட்டாக வந்தன.

பெரிய பிழை ராத்திரி அறைக்கு வந்து படங்களை வெட்டும்போதுதான் தெரிந்தது. எதையெல்லாம் வெட்டினேன் என்று பார்த்தேன். கூரைகளில் காடுபோல நிற்கும் டிஷ் ஆன்டெனாக்களை வெட்டியிருந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டவர்களை விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்ற ஒருவரைத் தேடிப் பிடித்திருந்தேன். பிளாஸ்டிக் வாளி, நீல நிறக் குழாய், சுவரோரம் போனில் பேசிக்கொண்டிருந்த பையன், எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது எந்த நூற்றாண்டில் வேண்டுமானாலும் வைக்கக்கூடிய ஒரு களம். “ஆயிரம் ஆண்டுகளாக மாறாத தொழில்” என்று கீழே எழுதினால் பொருந்திவிடும். அது பொய். செயற்கைச் சாயமும் அங்கே புழங்குகிறது. மாறிமாறித்தான் அந்தத் தொழில் பிழைத்திருக்கிறது. ரப்பர் பூட்ஸ் ஒரு தொழிலாளியின் தோலைக் காப்பாற்றும் பொருள், அதை அழகுக்கு இடைஞ்சல் என்று நான் வெளியே தள்ளியிருந்தேன். அப்பா பூட்ஸ் கேட்டு எத்தனை வருஷம் நின்றார் என்று தெரிந்த நான் இதைச் செய்தேன்.

இன்னொன்றும் அன்றிரவு கணக்குப் போட்டபோது பட்டது. அன்று நான் கொடுத்த பணம் முழுவதும் மாடிக்குத்தான் போனது. கீழே நிற்பவர்கள் நாள் முழுக்கப் படமாகிறார்கள், அவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள்: கெட்டது

மறுநாள் ஒரு வழிகாட்டியைப் பிடித்துக் கீழ்வாசல் வழியாகக் களத்துக்குள் போனேன். தொட்டிகளின் விளிம்புகளில் கால் வைத்து நடக்க வேண்டும், எல்லாம் வழுக்கும். உள்ளே போன இரண்டாவது நிமிஷம் கேமராவை உயர்த்தினேன். எதிரே இருந்தவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். பக்கத்திலிருந்த பெரியவர் சத்தம் போட்டார். அதில் ‘ஹ்ஷூமா’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. வெட்கக்கேடு என்று பொருள், மொராக்கோவில் அது கனமான சொல். வழிகாட்டி சட்டென்று ஐம்பது திர்ஹம் நோட்டை எடுத்து அந்தப் பெரியவர் கையில் திணிக்கப் போனார். அவர் அதைத் தொடவில்லை. ஈரக்கையைக் காற்றில் உதறிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நாங்கள் வெளியே வந்தோம்.

நடந்ததைப் பல நாள் யோசித்திருக்கிறேன். கேமராவை உயர்த்தியது முதல் தவறு. அதைப் பணத்தால் மூடப் பார்த்தது அதைவிடப் பெரிய தவறு. வேலை நேரத்தில் முதலாளியின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அழுக்கு உடையில், அனுமதியில்லாமல் பிடிபட்ட முகத்துக்கு விலை பேசியதுபோல ஆகிவிட்டது. ஊர்ப் பழக்கம் தெரிந்தவர் என்று நான் நம்பிய வழிகாட்டியே அதைச் செய்தார், நானும் தடுக்கவில்லை.

(படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மொராக்கோவுக்குள் தனியார் டிரோன் கொண்டுபோகத் தடை உண்டு, சுங்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போலீஸ்காரரையும் ராணுவ இடங்களையும் எடுக்கக்கூடாது. மனிதர்களை எடுப்பதற்கு எந்த அறிவிப்புப் பலகையும் இல்லை, அதை அவரவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.)

மூன்றாம் நாள்: கேமரா பைக்குள்

காலையில் ஒரு சந்துக்கடையில் பிஸாரா குடித்தேன். உலர்ந்த அவரைப்பயறு வகையை வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் போட்டுத் தருகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு ஓடும் கடை. அங்கே பழக்கமான கல்லூரித் தம்பி ஒருவர்தான் அடுத்த இரண்டு நாளும் எனக்கு மொழிபெயர்த்தார்.

அவர் முதலில் கூட்டிப்போனது ஃபர்ரானுக்கு. தெருவுக்கு ஒன்றாக இருக்கும் பொது ரொட்டி அடுப்பு. வீட்டில் மாவைப் பிசைந்து, தட்டி, பலகையில் வைத்துத் துணி மூடி, பெரும்பாலும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவார்கள். அடுப்புக்காரர் நீளமான மரத்துடுப்பால் உள்ளே தள்ளி எடுக்கிறார். ஒரே சமயத்தில் இருபது முப்பது வீட்டு ரொட்டி. எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பலகை, துணி, விரல் வைத்த இடம், மாவின் பதம் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு வீட்டில் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்பது மாவின் அளவிலேயே தெரிந்துவிடுமாம்.

படம் எடுக்கலாமா என்றேன். தாராளமாக என்றார். கேமராவை எடுத்தபோது ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மா, தன் பலகையை மட்டும் எடுக்கவேண்டாம் என்று அமைதியாகச் சொன்னார். அடுப்பு அவருடையது, ரொட்டி எங்களுடையது என்று தம்பி மொழிபெயர்த்தார். எனக்கு இது புதிய பாடம். ஒரு படச் சட்டத்துக்குள் இரண்டு மூன்று பேருடைய பொருள் இருக்கும், ஒருவர் தலையாட்டினால் மற்றவர் சம்மதம் வந்துவிடாது. நம் வீட்டுச் சோற்றுப் பானையை வழிப்போக்கன் எட்டிப்பார்த்தால் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்திருந்தால் எனக்கு முன்னாலேயே புரிந்திருக்கும். அவர் பலகை போன பிறகு, அடுப்புக்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று 35 மி.மீ. லென்ஸில், மங்கிய வெளிச்சத்துக்கு ஏற்ற ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுத்தேன். அடுப்பு வாயின் வெளிச்சத்துக்கு அளவெடுத்து மற்றதை இருட்டில் விட்டேன். துடுப்பின் நுனியில் ஒரு ரொட்டி, அவ்வளவுதான். நல்ல படம்.

சஃபாரீனில் செம்பு தட்டுபவர்களையும் எடுத்தேன். அவர்களுக்குக் கேமரா பழகிப்போய்விட்டது, சுத்தியலை உயர்த்திப்பிடித்துக் காத்திருக்கிறார்கள். அதில் சொல்ல அதிகமில்லை.

மாலையில் ஷுவாராவுக்குக் கேமரா இல்லாமல் போனோம். சத்தம் போட்ட பெரியவரைத் தேடினேன். அவர் அங்கே ஒரு மஅல்லிம், அதாவது கைதேர்ந்த ஆசான். நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு சாக்கில் செம்பழுப்புத் தூள் இருந்தது. கேட்டுவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். துவர்ப்பு. மிமோசா என்றார். எங்கள் பக்கம் வாட்டில் என்பது அதே வேலமர வகையின் பட்டைதான், ஆவாரம்பட்டை கிடைப்பது குறைந்த பிறகு தாத்தாவின் ஷாப்பில் அதுதான் வந்தது. எங்கள் ஊரில் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு செடியின் பட்டையால் பதனிடுவோம், என் தாத்தா அதைச் செய்தவர் என்று தம்பியை விட்டுச் சொல்லச் சொன்னேன். அந்தப் பூவின் படத்தைப் போனில் காட்டினேன்.

பெரியவர் என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “நீ செய்யவில்லை” என்றார். ஆமாம், அப்பாவோடு நின்றுவிட்டது என்றேன். அவர் மகனும் காஸாபிளாங்காவில் டிரைவராக இருக்கிறானாம். பிறகு அரைமணி நேரம் பேசினோம். ஆட்டுத்தோலில் சுண்ணாம்பு எத்தனை நாள், குளிர்காலத்தில் ஏன் கூடுதல், கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, முட்டிக்கு என்ன தைலம். கடைசியில் அவரே சொன்னார்: நாளைக்குக் காலையில் வா, பெட்டியையும் எடுத்துவா.

நான்காம் நாள்: 31 படங்கள்

நவம்பர் காலையில் வெயில் எட்டரை மணிக்கும் மேல்சுவரில்தான் இருக்கும், களம் முழுக்க நிழல். தோலைப் படமெடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸ் போதும் என்று முடிவுசெய்தேன். தூரத்திலிருந்து திருட வழியில்லாத லென்ஸ் அது, எடுக்கப்படுபவருக்கு நான் எடுப்பது தெரியும். ஷட்டர் வேகத்தை 1/60 நொடிக்கு இறக்கினேன், சதை வழிக்கும் கத்தி லேசாக அசைந்து தெரிய வேண்டும் என்பதற்காக.

பெரியவர் எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, அவர் உயரத்திலேயே கேமராவை வைத்தேன். மேலிருந்து பார்த்தபோது வட்டமாகத் தெரிந்த தொட்டி இங்கே அவர் இடுப்புக்குச் சுவர். தோலை நீரிலிருந்து இழுக்கும்போது அதன் கனம் முதுகில் எப்படி இறங்குகிறது என்பது தெரிந்தது. மாடியிலிருந்து இது எதுவும் தெரியாது. மூன்று மணி நேரத்தில் 31 படங்கள்தான் எடுத்தேன். முகம் வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரின் கைகளை மட்டும் எடுத்தேன். ஆன்டெனாக்கள் இருக்கின்றன. நீலக் குழாய் இருக்கிறது. போனில் பேசிய பையன் இன்று முன்வரிசையில் சதை வழித்துக்கொண்டிருந்தான்.

அச்சும் அழித்ததும்

அன்று மாலை புது நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஒன்பது படங்களை அச்சுப் போட்டு, ராத்திரியே கொண்டுபோய்க் கொடுத்தோம். திரையில் காட்டுவதும் தாளில் கொடுப்பதும் ஒன்றில்லை. தாளைக் கையில் வாங்கியவர் அதை வைத்துக்கொள்வதா திருப்பித் தருவதா என்று தீர்மானிக்க முடிகிறது.

எனக்கு மிகவும் பிடித்திருந்த படம் ஒன்று. தோலின் கனத்தில் பெரியவர் குனிந்திருக்கிறார். நரம்பு புடைத்த கழுத்து, மூடிய கண், நீர் சொட்டும் மூக்கு நுனி. எங்கே கொடுத்தாலும் பாராட்டுவார்கள் என்று தெரிந்துதான் பெரிதாக அச்சுப் போட்டிருந்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். “இதில் நான் அடிவாங்கியவன்போல இருக்கிறேன்” என்றார். இதை வைத்துக்கொள்ளாதே என்று தம்பி மொழிபெயர்த்தார். அவர் எதிரிலேயே கார்டிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்தேன். அச்சை அவர் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்றும் அந்தப் படம் எனக்கு மனப்பாடம், அழித்ததில் வருத்தம் இருக்கிறது. மறுபடி கேட்டாலும் அழிப்பேன்.

அவர் தேர்ந்தெடுத்தது நான் கணக்கிலேயே எடுக்காத ஒன்று. வழித்து முடித்த ஆட்டுத்தோலை வெளிச்சத்துக்கு எதிராக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, குறை இருக்கிறதா என்று பார்க்கிறார். தோலின் வழியாக வெளிச்சம் ஊடுருவுகிறது. முகம் பாதிதான் தெரிகிறது, பூட்ஸ் முழுசாகத் தெரிகிறது. ஆசானின் வேலை அதுதான், மற்றதெல்லாம் யாரும் செய்வார்கள் என்றார். அதில் நான்கு பிரதிகள் கேட்டார்கள்.

படத்தின் கீழே இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சதை வழித்த ஆட்டுத்தோலைச் சோதிக்கும் ஆசான், ஷுவாரா, ஃபெஸ், நவம்பர் 2023. அவர் அனுமதியுடன், அவர் தேர்வு.’ பெயரைப் போடவேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை.

ஊருக்கு வந்து அப்பாவிடம் எல்லாப் படங்களையும் காட்டினேன். மாடியிலிருந்து எடுத்தவற்றை “கலரு நல்லாருக்கு” என்று தள்ளிக்கொண்டே போனார். ஃபர்ரான் ரொட்டியைப் பார்த்து அடுப்பு விறகா கேஸா என்று கேட்டார். இந்தப் படம் வந்ததும் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, தோலின் ஓரமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இந்த எடது ஓரத்துல சதை நிக்குது பாருப்பா. பெரியவரு வழிச்சதில்ல இது. யாரோ சின்னப் பையன் வழிச்சிருக்கான், கத்தி மழுங்கியிருக்கு.”

அதை அப்படியே ஃபெஸில் இருக்கும் தம்பிக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. போனில் பேசிக்கொண்டிருந்த பையன் வழித்த தோலாம் அது. அன்றைக்கே பெரியவரும் அதே ஓரத்தைக் காட்டித் திட்டினாராம். உன் அப்பா எந்தக் கத்தி வைத்திருந்தார் என்று கேட்கச் சொன்னாராம்.

அப்பா பரணிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைத் துண்டின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், அளவு தெரியப் பக்கத்தில் ஸ்கேலும் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன்.